திருமலையில் வாழ்ந்தவர்கள்: யாரை முதலில் சொல்வது?

திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், வாழ்ந்த பெரிய ஆட்கள் யார் என்று வெளியூர்க்காரர் கேட்டால், நாங்கள் சொல்லும் பதில் அநேகமாக மூன்று பெயரோடு முடிந்துவிடும். வெலிங்டன் பிரபு, ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். மூவரும் இங்கே வந்து தங்கியவர்கள்தான், பொய்யில்லை. ஆனால் இதே மண்ணில் பிறந்து தமிழுக்குப் பெரிய வேலை செய்தவர்களின் பெயர் அந்தப் பதிலில் வருவதே இல்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. அதனால்தான் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்கிறேன். இந்த ஊரோடு அவர்களுக்கு எவ்வளவு உறவு, ஊருக்கு என்ன விட்டுப் போனார்கள், இன்று போய்ப் பார்க்க ஏதாவது உண்டா?

வெலிங்டனில் தொடங்குவோம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் நுழைய வேண்டும். மான்கள் மேயும் அந்தப் பாதையோரம் ஒரு பழைய வீட்டைக் காட்டி, 'வெல்லெஸ்லி இருந்த வீடு' என்பார்கள். 1800 கடைசியில், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி ஒரு படையெடுப்புக்கு ஆயத்தம் செய்யத் திருமலைக்கு வந்தார். 1801 பெப்ரவரியில் பம்பாய்க்குக் கப்பல் ஏறிவிட்டார். இருந்தது சில வாரங்கள். பின்னாளில், 1815இல், வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் என்பதால்தான் அந்த வீட்டுக்கு மவுசு. அவர் போகவேண்டிய கப்பல் கடலில் மூழ்கியதாகவும், திருமலையில் தங்கியதால் உயிர் தப்பியதாகவும் ஒரு கதை ஊரில் உலவுகிறது. ஆனால் அவர் காய்ச்சலில் படுத்துப் பயணத்தைத் தவறவிட்டது பம்பாயில். அந்தக் கதையை எடுத்துவிட்டால் திருமலைக்கும் அவருக்கும் மிஞ்சும் உறவு மிகச் சிறியது. பார்க்க ஒரு கட்டடம் இருக்கிறது என்ற ஒரே பலத்தில் பட்டியலில் நிற்கிறார்.

சார்ள்ஸ் ஒஸ்டினின் கதை வேறு. ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி, கடற்படையில் வளர்ந்தவர். 1850இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியானார். திருமலை அந்தப் பிரிவின் முக்கிய தளம். இரண்டாம் பர்மியப் போரின்போது, 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி, ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே இறந்தார். உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தது இங்கே, முற்றவெளிப் பக்கத்துப் பழைய சேமக்காலையில். இளம் வயதில் பரிசுப்பணம் கிடைத்தபோது இரண்டு சகோதரிகளுக்கும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவை வாங்கிக் கொடுத்தவர் இவர். அந்தச் சிலுவைகள் இன்றும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஜேனின் வாசகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களில் சிலர் இந்தக் கல்லறையைத் தேடியே திருமலைக்கு வருகிறார்கள். வெலிங்டனோடு ஒப்பிட்டால் இவருக்கே என் வாக்கு. அவர் கடந்து போனார், இவர் இந்த மண்ணிலேயே கிடக்கிறார். ஆனாலும் இவர் ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

கிளார்க்குக்கு வரும்போது தராசு கொஞ்சம் ஆடுகிறது. அவர் குடியிருந்தது கொழும்பில். திருமலைக்கு வந்தது சுழியோட. ஆனால் அந்தச் சுழியோட்டத்தில் கிடைத்தது சாதாரண விஷயமா? 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மிச்சம் கடலுக்குள் போனது. முந்நூறு ஆண்டுக்கு மேல் அது பாட்டி சொல்லும் கதையாகத்தான் இருந்தது. 1956இல் கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் இறங்கியபோது, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். கதை உண்மையென்று கண்ணால் கண்ட சாட்சி கிடைத்தது.

இதில் புகழ் முழுவதும் கிளார்க்குக்கே போனது. எனக்கோ வில்சன்தான் முக்கியமாகப் படுகிறார். கடலிலிருந்து லிங்கம் மீட்கப்பட்டதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. பிற்காலத்தில் அவர் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியாகவே மாறிப்போனார். திருமலைக் கடல் அவரை எவ்வளவு பாதித்திருக்க வேண்டும்! 1950இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் கிடைத்ததும், 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்ததும் இதே காலம்தான். ஊரே தன் கோயிலைத் திரும்பப் பெற்ற அந்த ஆண்டுகளில் இந்த இரண்டு வெளிநாட்டவருக்கும் ஒரு பங்கு உண்டு. வெலிங்டனுக்கும் ஒஸ்டினுக்கும் மேலே இவர்களை வைக்க எனக்குத் தயக்கமில்லை.

சரி, ஊர்க்காரருக்கு வருவோம்.

தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1865இல் திருமலையில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகப் பொறுப்பில் இருந்தார். 1892இல் அவர் எழுதிய 'தத்தை விடு தூது', தூது என்ற பழைய வடிவத்தை எடுத்து, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பெண்களின் விடுதலையைப் பேசியது. அந்தக் காலத்தில் அதைத் துணிந்து பாட ஒருவர் திருமலையிலிருந்து போயிருக்கிறார்! மூன்று ஆண்டு கழித்து, 1895இல், மதுரை சொக்கநாத நாயக்கர் காலத்தை வைத்து 'மோகனாங்கி' எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் இதுவே என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அதற்கு நாலு ஆண்டு முன்னால், 1891இல், 'ஊசோன் பாலந்தை கதை' எழுதிய இன்னாசித்தம்பியும் திருமலைக்காரர். ஈழத்துத் தமிழ் நாவலின் ஆரம்பத்தில் இரண்டு படைப்புகள் இந்தச் சின்ன ஊர்க்காரரிடமிருந்து வந்திருக்கின்றன. இதை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

சரவணமுத்துப்பிள்ளையின் அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் சென்னைக்குப் போனவர். ஏடுகளில் கிடந்த பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்து அச்சேற்றிய அந்தத் தலைமுறையில் ஒருவர். தம்பி 1902இல், நாற்பது வயதை எட்டுமுன்பே போய்விட்டார். அண்ணன் 1922வரை இருந்தார்.

இவர்களுக்கு எதிராக ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உழைத்ததெல்லாம் சென்னையில், திருமலையில் வாழ்ந்தது இளமையில் மட்டும் என்பார்கள். அப்படியென்றால் வே. அகிலேசபிள்ளையைப் பாருங்கள். 1853இல் பிறந்து 1910இல் மறைந்தவர். ஊரிலேயே இருந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார், உள்ளூர்க் கோயில்கள் மேல் பதிகம் பாடினார், கோணேசர் கோயில் வரலாற்றைத் 'திருக்கோணாசல வைபவம்' என்று உரைநடையில் எழுதிவைத்தார். கிளார்க் கடலடியில் கற்களைத் தேடுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கோயில் இருந்த கதையைக் காகிதத்தில் காப்பாற்றியவர் இவர்.

விபுலானந்தரையும் சேர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்துக் கல்லூரியோடு அவருக்கு இருந்த தொடர்பு பெரியது, ஆனால் பிறந்த காரைதீவுக்கும் சமாதி இருக்கும் மட்டக்களப்புக்கும் அவரில் நம்மைவிட உரிமை அதிகம்.

கடைசிப் போட்டி, ஆக, சரவணமுத்துப்பிள்ளைக்கும் அகிலேசபிள்ளைக்கும் இடையில். தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் கேட்டால் 'மோகனாங்கி' எழுதியவரைத்தான் முதலில் சொல்வேன். அவருடைய இடம் முழுத் தமிழுக்கும் பொதுவானது, அதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. திருமலைப் பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால் அகிலேசபிள்ளை. வெல்லெஸ்லி வீட்டைக் கடந்துதான் அவர்கள் கோணேசரிடம் போகிறார்கள். சில வாரம் தங்கிய தளபதியைக் காட்டிய கையோடு, அந்தக் கோயிலின் கதையை எழுதிவைத்த வாத்தியாரின் பெயரையும் அதே பாதையில் நின்று சொல்லிக் கொடுக்கலாம். அதற்குப் பலகையோ சிலையோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.