கிளைடரில் ஈ.எல்.டி.: பல சீசன் பயன்பாட்டுக்குப் பிறகு

நெவாடாவின் மின்டனிலிருந்து சியரா மலைத்தொடரை ஒட்டிப் பறக்கும் என் எல்.எஸ்.4 கிளைடரில் (இன்ஜின் இல்லாத விமானம்), 406 மெகாஹெர்ட்ஸ் ஈ.எல்.டி. பொருத்திப் பல சீசன் ஆகிவிட்டது. விபத்தில் தானாகச் செயற்கைக்கோளுக்கு அபாய சிக்னல் அனுப்பும் கருவி இது. அமெரிக்காவில் இன்ஜின் விமானங்களுக்குத்தான் கட்டாயம், கிளைடருக்கு இல்லை. "அப்புறம் எதுக்கு இந்தச் செலவு?" என்று கிளப்பில் அடிக்கடி கேட்பார்கள். உடலில் மாட்டிக்கொள்ளும் அபாய சிக்னல் கருவியான பி.எல்.பி.யோ, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச்சோ உதவி கேட்க வேண்டுமென்றால் பட்டனை நாம் அழுத்தியாக வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவரால் அது முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடியும் வாங்குவேன்.

பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பெட்டி மலிவாகக் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதில்லை. 406 கருவியிலும் 121.5 உண்டு, ஆனால் அது தேடி வருபவர்கள் கிட்டத்தில் நெருங்குவதற்கு மட்டும்.

எந்த மாடல் என்பதைவிட எப்படிப் பொருத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்.எஸ்.4-இன் உடல் கண்ணாடி இழை. ரேடியோ அலை தடையில்லாமல் வெளியேறும் என்பதால் ஆன்டெனாவை உள்ளேயே, தலைச்சாய்வுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, அடியில் மெல்லிய செப்புத் தகடு கொடுத்தோம். கார்பன் இழை உடலுக்குள் இதே வேலையைச் செய்தால் சிக்னல் உள்ளேயே அடைபட்டுவிடும். ஆன்டெனாவை வெளியிலோ கனோபியின் (காக்பிட்டின் கண்ணாடி மூடி) கீழோ கொண்டுவர வேண்டும். பெட்டியின் மேலுள்ள அம்புக்குறி பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அதிர்வு ஸ்விட்ச் மோதலைச் சரியாக உணராது. வெல்க்ரோவை நம்பாமல் உலோகப் பட்டையால் கட்டினோம். கேபிளைக் குட்டையாக, ஆனால் விறைப்பில்லாமல் விட்டோம். பெட்டி தாங்கினாலும் கேபிள் அறுந்தால் எல்லாம் வீண். விபத்தில் ஈ.எல்.டி. ஏன் கைவிடுகிறது என்று பார்க்க, 2015-இல் நாசா தன் லாங்லி மையத்தில் மூன்று செஸ்னா 172 விமானங்களைத் தரையில் மோதவிட்டது. அந்த அளவுக்குப் பொருத்தும் முறை முக்கியம். எடை சேர்ந்ததால் மெக்கானிக் எடைச் சமநிலையையும் மறுபடி கணக்கிட்டார்.

தினசரித் தொந்தரவு என்றால் கிளைடரைக் கழற்றி ஏற்றிச் செல்லும் டிரெய்லர்தான். கரடுமுரடான பாதையில் கிளப் நண்பரின் ஈ.எல்.டி. தானாகவே இயங்கிவிட்டது. சிறிது நேரத்தில் மீட்பு மையத்திலிருந்து அவர் மனைவிக்கு போன். மனைவி விவரம் சொன்னதும் விமானம் எதையும் தேட அனுப்பவில்லை. இந்தக் கருவிகளைப் பதியும் அமெரிக்க அரசு அமைப்பான நோவாவில் பதிவு இலவசம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாத கருவியின் சிக்னல் வந்தால் யாருக்கு போன் செய்வார்கள்? நான் டிரெய்லரில் ஏற்றும்போது 'ஆஃப்', இறக்கிப் பாகங்களைப் பொருத்தியதும் 'ஆர்ம்' (தயார் நிலை) என்று செக்லிஸ்ட்டில் சேர்த்திருக்கிறேன்.

இது மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். 2006 ஆகஸ்ட் 28 அன்று, மின்டனுக்குத் தென்கிழக்கே ஒரு ஏ.எஸ்.ஜி. 29 கிளைடரும் ஹாக்கர் 800 ஜெட்டும் வானில் மோதின. கிளைடர் பைலட் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். அப்படிக் குதித்தால் ஈ.எல்.டி. கிளைடரோடு ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் இறங்குவோம். அதனால் பி.எல்.பி. பாராசூட் பட்டையிலேயே இருக்க வேண்டும், காக்பிட் பையில் அல்ல. 2007 செப்டம்பரில் காணாமல்போன சாகச விமானி ஸ்டீவ் ஃபாஸெட்டின் விமானத்திலும் ஈ.எல்.டி. இருந்தது, சிக்னல் வரவில்லை. சிதைவுகள் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடத்தைப் பதிந்துகொண்டே போகும் டிராக்கரை நான் அணைக்காமல் வைத்திருப்பது இதனால்தான்.

பராமரிப்பு குறைவு. கடிகாரத்தில் ஒரு மணி நேரம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்துக்குள் சுய சோதனை செய்வேன், ரேடியோவை 121.5-இல் வைத்தால் இறங்கிக்கொண்டே போகும் அந்த ஊளைச் சத்தம் கேட்கும். ஒரே உறுத்தல் பேட்டரி விலை. காலாவதி தேதி வந்தால் ஒருமுறைகூட இயங்காத பேட்டரியையும் மாற்றியாக வேண்டும். வாங்கும்போதே அதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.