மனைத் தரகருக்கு எழுத்து என்ன தரும்? நெல்லையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

பாளையங்கோட்டையைச் சுற்றி மனையும் வயலும் முடித்துக் கொடுக்கும் தரகுதான் என் தொழில். 2020 ஊரடங்கில் பத்திரப் பதிவு படுத்துக் கிடந்தபோது, நிலம் வாங்குவது பற்றித் தமிழில் எழுதி இணையத்தில் வைக்கத் தொடங்கினேன். இன்றுவரை விடவில்லை. “அதைப் படித்துவிட்டு ஆள் வருகிறதா அண்ணாச்சி?” என்று சக தரகர்கள் கேட்கிறார்கள். வருகிறது. ஆனால் வாங்க வருகிறவர்களைவிட விற்க வருகிறவர்களே அதிகம். இதை நான் எதிர்பார்க்கவில்லை; கேட்கிற தரகர்களும் நம்புவதில்லை.

முதலில் பலன் தராததைச் சொல்லிவிடுகிறேன். மனையைப் புகழ்ந்து எழுதுவதால் ஒரு பைசாவுக்குப் பயனில்லை. நம் ஊர் நோட்டீஸ்களில் எல்லா மனையும் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்தான். கே.டி.சி. நகரும் ஐந்து நிமிடம், ரெட்டியார்பட்டி மலையைத் தாண்டினாலும் ஐந்து நிமிடம். “சுவையான நிலத்தடி நீர்” வேறு. படிக்கிறவருக்கு இதெல்லாம் மனப்பாடம். அப்படி எழுதினால் “சென்ட் என்ன விலை?” என்று ஒரு அழைப்பு வரும், விலையைச் சொன்னதும் இணைப்பு போய்விடும்.

பலன் தந்தது பத்திரங்களைப் பற்றி எழுதியதுதான். ஒரு நிலத்தின் மேல் பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் எது தெரியும், எது தெரியாது என்று ஒரு கட்டுரை எழுதினேன். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான வில்லங்கத்தை யாரும் கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அதில் வேறு பரிவர்த்தனை எதுவும் இல்லை என்றதும் பலர் நிம்மதியாக அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பதிவு செய்யாமல் முத்திரைத் தாளில் எழுதிய கிரய ஒப்பந்தம் அதில் வராது. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் அது தனிப் புத்தகத்தில் ஏறும், வில்லங்கத்தில் தெரியாது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் பெரும்பாலும் தெரியாது. பட்டாவும் அப்படித்தான், அது வருவாய்த்துறையின் கணக்கே தவிர உரிமைப் பத்திரம் ஆகாது. பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து கைமாறி வந்த வரிசையைப் பார்க்காமல் பட்டாவை மட்டும் நம்பி இறங்குவது சூதாட்டம்.

இதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் கேட்கிற கேள்வியே வேறு மாதிரி இருக்கும். “புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பத்திரத்து நான்கெல்லையும் ஒத்துப்போகிறதா?” என்று எடுத்த எடுப்பில் கேட்பார்கள். இப்படிப்பட்டவரோடு பேசுவதில் பாதி வேலை குறைந்துவிடுகிறது. மீதிப் பாதி கூடவும் செய்கிறது. தெரிந்தவர் லேசில் திருப்தி அடைவதில்லை.

அதிகம் படிக்கப்பட்டது பெண் மக்களின் பங்கு பற்றிய கட்டுரை. நம் பக்கத்தில் மகளுக்கு நகையும் சீரும் செய்து அனுப்பிவிட்டால் நிலத்தில் பேச்சில்லை என்பது வழக்கம். சட்டத்தில் அந்த வழக்கத்துக்கு இடமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால், 1956 முதலே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. பூர்விகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் மகளுக்குச் சம உரிமை தந்தது. அந்தச் சட்டத்துக்கு முன்பே திருமணமானவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது.

இதைப் படித்துவிட்டு மும்பை தாராவியிலிருந்து ஒரு அம்மா பேசினார். “அண்ணன்மார் வயலை விற்கப் போகிறார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உண்டா, இல்லையா?” தரகன் சொல்லக் கூடாத பதில் அது, வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னேன். வேறொன்றும் நான் செய்யவில்லை. சில மாதம் கழித்து அந்த அண்ணன்மாரே என்னைத் தேடி வந்தார்கள். தங்கை கையெழுத்து இல்லாமல் வாங்குகிறவருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது என்று அதற்குள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லாரும் சேர்ந்து வயலை என்னிடம் ஒப்படைத்தார்கள். “தங்கச்சி உங்களைத்தான் நம்புகிறாள்” என்று மூத்தவர் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

விற்கிறவர்கள் ஏன் எழுத்தைத் தேடி வருகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெல்லைச் சீமையின் நிலத்தில் கணிசமானது ஊரில் இல்லாதவர்கள் பெயரில் கிடக்கிறது. சென்னையில் மளிகைக்கடை வைத்திருப்பவர், துபாயில் வேலை பார்ப்பவர், மும்பையிலேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டவர். இவர்களுக்குப் பெரிய பயம், விற்கும் அதிகாரத்தைப் பவராக எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்பதுதான். ஊரில் யாரை நம்புவது என்று தெரியாமல் வருடக்கணக்கில் நிலத்தைச் சும்மா போட்டிருப்பார்கள். ஒரு தரகன் எழுதியதை அவர்கள் மாதக்கணக்கில் படித்துப் பார்க்கிறார்கள். இவன் எதை மறைக்கிறான், எதைச் சொல்லிவிடுகிறான் என்று எடை போட்ட பிறகே கூப்பிடுகிறார்கள். நல்ல பத்திரமுள்ள நிலம் கையில் இருந்தால் வாங்குகிறவர் எந்த வழியிலாவது வந்துவிடுவார். தரகனுக்குப் பஞ்சம் எப்போதும் அந்த நிலத்துக்குத்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் மாறியது. தாமிரபரணி ஆறு நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்ததையும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தைத் தண்ணீர் சூழ்ந்ததையும் பார்த்தவர்கள் மனை கேட்கும் முன் தண்ணீரைக் கேட்கத் தொடங்கினார்கள். நம் புதிய பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தில்தான் நிற்கிறது. குளத்தின் பெயரையே மறந்துவிட்ட ஊர் இது. கிராம வரைபடத்தில் ஓடை எங்கே போகிறது, கிராம நிலங்களின் வருவாய்க் கணக்கான அ-பதிவேட்டில் பக்கத்துச் சர்வே எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று பார்க்கும் முறையை எழுதினேன். கார்த்திகை மழையில் ஒரு தடவை நேரில் போய் நில்லுங்கள், சித்திரை வெயிலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்றும் சேர்த்தேன். எந்த மனைப்பிரிவின் பெயரையும் சொல்லவில்லை. ஆனாலும் மனைப்பிரிவு போட்ட ஒருவர் தொலைபேசியில், “நீர் தரகரா, தாசில்தாரா?” என்று கேட்டார். அவருடைய மனைகளை விற்கும் வேலை அன்றோடு போயிற்று. மாதம் தவறாமல் வந்த வருமானம் அது, இழப்பு சிறியதில்லை.

வேறு குறைகளும் இருக்கின்றன. எழுதியது பழையதாகிவிடும். 2017-இல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம் என 11 ஆனது. 2023-இல் பதிவுக் கட்டணம் 2 ஆகக் குறைந்து மொத்தம் 9 ஆனது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய கட்டுரைகளைத் திறந்து திருத்தியாக வேண்டும். எழுதிய தேதியையும் மேலேயே போட வேண்டும். மனைப்பிரிவைப் பற்றி எழுதினால், மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவின் பதிவு எண்ணையும் தர வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டிய புதிய மனைப்பிரிவு ரெராவில் பதிவாகாமல் இருந்தால் அதை விளம்பரம் செய்யவே கூடாது. அதில் விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இதைத் தெரியாமல் எழுதித் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

திருட்டும் உண்டு. வெளியூர்த் தரகர் ஒருவர் என் கட்டுரையை அப்படியே எடுத்துத் தம் கைபேசி எண்ணைப் போட்டிருந்தார். கொடகன் கால்வாய் பற்றிய வரி மட்டும் அப்படியே இருந்தது. அவர் தொழில் செய்யும் மாவட்டத்தில் அந்தக் கால்வாய் கிடையாது.

கிராமத்து வியாபாரத்துக்கு எழுத்து எட்டாது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் ஏக்கரைச் சொன்னாலும் கோட்டை விதைப்பாட்டில் (விதை நெல்லின் அளவால் நிலத்தைச் சொல்லும் பழைய கணக்கு) கணக்குப் போட்டுப் பார்க்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வயல் முடிய வேண்டுமானால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உடனே காசு பார்க்க நினைப்பவருக்கும் இது சரிப்படாது. முதல் வருடம் எழுத்தால் எனக்கு ஒரு கிரயம்கூட முடியவில்லை. மின்கட்டணம்தான் கூடியது என்று வீட்டில் சொன்னார்கள்.

கடைசியாக, என் தரகு விகிதத்தை வெளிப்படையாக எழுதி வைத்தேன். விற்பவரிடம் எவ்வளவு, வாங்குபவரிடம் எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்று எல்லாமே அதில் உண்டு. சக தரகர்களுக்குக் கோபம்தான். பேரம் நின்றுவிடவில்லை, நெல்லையில் அது நிற்கவும் நிற்காது. ஆனால் இப்போது பேரம் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதிவு அலுவலக வாசலில் நின்று “கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி” என்று பாதித் தரகை நீட்டுகிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள்.