ரெகமண்டேஷன் லெட்டர் எழுதித் தர்ற ஆன்லைன் சர்வீஸ், என் அனுபவம் (ரேட்டிங்: 2/5)

என் ஸ்டூடண்ட் ஒருத்தி ஸ்காலர்ஷிப்புக்கு லெட்டர் கேட்டா, டெட்லைனுக்கு 3 நாள்தான் இருந்துச்சு, எனக்கும் பேப்பர் திருத்துற வேலை தலைக்கு மேல கிடந்துச்சு, சரின்னு ஒரு ஆன்லைன் லெட்டர் சர்வீஸ்ல காசு கட்டிட்டேன். மார்க், ரேங்க் எல்லாம் ஃபார்ம்ல கேட்டாங்க, மறுநாளே வந்துடுச்சு. ஒரு பக்கத்துக்குள்ள, தப்பில்லாம, கச்சிதமா இருந்துச்சு, அத பாராட்டணும்.

ஆனா படிச்சா மனசு ஒட்டவே இல்லங்க. "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், தலைமைப் பண்பு கொண்டவர்", பேர மாத்துனா எந்தப் பிள்ளைக்கு வேணா அனுப்பலாம். லேப்ல ரீடிங் ஒத்துவரலன்னு ஒரே டைட்ரேஷன (கரைசல சொட்டு சொட்டா விட்டு அளக்கற கெமிஸ்ட்ரி சோதனை) 5 தடவ திரும்பத் திரும்ப செஞ்சு, கடைசில ப்யூரெட் (அந்தக் கரைசல அளந்து விடற கண்ணாடிக் குழாய்) முனைல காத்துக்குமிழி நிக்கறத கண்டுபிடிச்ச பொண்ணு அவ, அது எங்க? மார்க்க கமிட்டிக்காரங்க மார்க்ஷீட்லயே பாத்துக்குவாங்க, நம்மகிட்ட கேக்கறதே அதுல இல்லாதத தான்.

ராத்திரி உக்காந்து நானே எழுதிட்டேன். எத்தன வருஷமா தெரியும், எந்த பாடம் எடுத்தேன், அந்த ப்யூரெட் கத, இந்த உதவித்தொகை அவளுக்கு ஏன் பொருந்தும், அவ்ளோதான். சர்வீஸ்ல இருந்து எடுத்துக்கிட்டது ஃபார்மட் மட்டும். லெட்டர்ஹெட்ல போட்டு, கையெழுத்து வச்சு, பிடிஎஃப்பா போர்டல்ல ஏத்தியாச்சு.

லெட்டர் கேக்கற பிள்ளைங்களா, 3, 4 வாரம் முன்னாடியே கேளுங்கம்மா, ஸ்காலர்ஷிப் விதிமுறையையும் ரெஸ்யூமையும் சேத்தே குடுங்க.