மசினகுடியில் ‘காட்டுக்குள் சஃபாரி’ என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

நீலகிரி மாவட்டத்திலுள்ள முதுமலைக்குச் செல்லவிருப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: புலிகள் காப்பகத்தினுள் பயணிகளை அழைத்துச் செல்வது வனத்துறையின் ஏற்பாட்டில் மட்டுமே நடக்கிறது. தெப்பக்காட்டு வரவேற்பு மையத்தில் சீட்டு வாங்கினால் காலையிலும் மாலையிலும் துறையின் ஊர்தியில் போகலாம். பக்கத்து ஊரான மசினகுடியில் தனியார் ஜீப்காரர்கள் ‘காட்டுக்குள் சஃபாரி’ என்று விற்பது, யாரும் எந்த வண்டியிலும் போகக்கூடிய பொதுச்சாலைகளில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதுதான். இந்த வேறுபாட்டை மறைத்தே எங்களிடம் பணம் பறித்தார்கள்.

மசினகுடி விடுதி ஒன்றில் அறையை முன்பதிவு செய்தபோதே, புலியைக் காட்டுவது உறுதி என்றும் சஃபாரிக் கட்டணத்தையும் சேர்த்தே அனுப்பிவிட வேண்டும் என்றும் விடுதி மேலாளர் சொல்லிவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்ததும், வனத்துறை ஊர்தியிலேயே போய்க்கொள்கிறோமே என்று அப்பா கேட்டதற்கு, காட்டுத்தீ அபாயத்தால் துறை தன் ஊர்திகளை நிறுத்திவிட்டதாகவும், தங்கள் ஜீப்புக்கு மட்டும் தனி அனுமதி இருப்பதாகவும் பதில் வந்தது. கோடைக்காலத்தில் அப்படி நிறுத்திவைப்பது உண்டு என்பதால் அந்தப் பொய்யைச் சந்தேகிக்க இடமில்லாமல் போயிற்று. மறுநாள் தெப்பக்காட்டில் விசாரித்தபோதுதான், முந்தைய நாள் இரண்டு வேளையும் துறையின் ஊர்திகள் ஓடியது தெரியவந்தது.

ஜீப் மாயார் செல்லும் சாலையில் சிறிது தூரமும் பொக்காபுரம் பக்கம் சிறிது தூரமும் ஓடியது. புள்ளிமான்களையும் மயில்களையும் ஒரு காட்டுமாட்டுக் கூட்டத்தையும் கண்டோம். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், கூடலூரிலிருந்து மசினகுடிக்கு வரும் அரசுப் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால், அந்தப் பயணச்சீட்டின் விலைக்கே அவற்றைப் பார்த்துவிடலாம்.

பணம் போனதைவிட என்னைக் கலங்க வைத்தது அடுத்து நடந்தது. இருட்டிய பிறகு ‘இரவு சஃபாரி’ என்று சொல்லி, சாலையோரப் புதர்களுக்குள் ஓட்டுநர் டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டே வந்தார். குட்டியுடன் நின்றிருந்த ஒரு பெண் யானையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, அது திரும்பிப் பார்த்தால் படம் நன்றாக வரும் என்று சொல்லி, ஹாரனை அடித்து இயந்திரத்தை உறுமவிட்டார். யானை காதுகளை விரித்துச் சாலையை நோக்கி வேகமாக நாலு எட்டு வைத்தது. அக்காவின் பிள்ளைகள் அலறிவிட்டார்கள், ஓட்டுநரோ சிரித்தார். காப்பகத்தினுள் விலங்குகளைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இதே மசினகுடிப் பகுதியில்தான், எரியும் டயர் வீசப்பட்டதில் தீக்காயமடைந்த ஆண் யானை ஒன்று 2021 ஜனவரியில் இறந்தது.

விடுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாசலில் பெயர்ப்பலகை இல்லை, ரசீது கேட்டால் கைப்பேசியில் அனுப்புவதாகச் சொன்னார்கள், அதுவும் வரவில்லை. மசினகுடி அமைந்திருக்கும் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டடங்களைக் காலிசெய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்திருக்கும் நிலையில், அங்கே அறை எடுப்பவர்கள் உரிமத்தையும் முறையான ரசீதையும் கேட்பது மிகையாகாது. தர மறுத்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சஃபாரிக் கட்டணத்தை எந்த விடுதிக்கும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். துறையின் ஊர்திகள் ஓடுகின்றனவா என்பதை இடைத்தரகரிடம் கேட்காமல் தெப்பக்காட்டிலேயே நேரில் கேளுங்கள். புலி உறுதி என்று எவர் சொன்னாலும் அது பொய். துறையின் ஊர்தியில் போகிறவர்களில் பலரும் புலியைப் பார்க்காமல்தான் திரும்புகிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் மேலாளர் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறோம்; யானையைச் சீண்டியது பற்றி வண்டி எண்ணைக் குறிப்பிட்டு வனத்துறையிடம் எழுத்து மூலம் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். இரண்டிலும் இதுவரை பதில் இல்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.