தாத்தாவின் ஃபேவர் லூபாவும் பழையபேட்டை வாட்ச் பாயும்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலிருந்து பழையபேட்டைக்குப் போகிற வழியில், மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு டியூப்லைட், கண்ணாடிப் பெட்டி நிறைய நின்றுபோன வாட்சுகள். கடைக்காரரிடம் பேர் கேட்டேன். "பேரு எதுக்கும்மா, வாட்ச் பாய்னு கேட்டா காட்டுவாங்க" என்றார். அப்படிக் கேட்டுத்தான் நானும் போயிருந்தேன்.

தாத்தா புளி மண்டியில் கணக்கு எழுதியவர். அறுபதுகளின் கடைசியில் பெங்களூரில் இந்த ஃபேவர் லூபா கைக்கடிகாரத்தை வாங்கினாராம். பாட்டி போன பிறகு பீரோவைக் காலி செய்தபோது என் கைக்கு வந்தது. "அசல் ஸ்விஸ், லட்சத்துக்கு மேல போகும்" என்று பெரிய மாமா சத்தியம் செய்யாத குறை. முதலில் ஏசி போட்ட ஒரு கடைக்குத்தான் கொண்டுபோனேன். பின்மூடியைக்கூடத் திறக்கவில்லை. "பழசுங்க மேடம், உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு செல்லுல ஓடுற மெஷின் போட்டுடலாம், 600 ரூபாய்" என்றார்கள். வாட்சை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாய் டயலைப் பார்க்கவே இல்லை. ரெண்டே சுற்று சாவி கொடுத்துக் காதில் வைத்தார். பிறகு கவிழ்த்துப் போட்டு, கத்தி முனையால் பின்மூடியை நெம்பினார். லென்ஸை என் கையில் கொடுத்து, "பேலன்ஸ் வீலுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படிம்மா" என்றார். ஆடிக்கொண்டிருந்த சின்னச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எஃப்எல் (கம்பெனிப் பேரின் முதலெழுத்துகள்), கீழே 251. மெஷின் கம்பெனியுடையதுதான். வாட்சை ஓட்டுகிற மெயின் ஸ்பிரிங் சுருண்டிருக்கும் டிரம் இதில் ஒன்றல்ல, இரண்டு. 1962-ல் வந்த மெஷின் இது. உராய்வைக் குறைக்க உள்ளே பதித்த கற்கள் 17, கனம் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. முழுச் சாவி கொடுத்தால் இரண்டு நாள் ஓடும் என்றார். எனக்குச் சட்டென்று பாட்டி சொல்வது ஞாபகம் வந்தது: தாத்தா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாவி கொடுப்பாராம். சோம்பேறித்தனம் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

அதற்குப் பிறகுதான் டயலுக்கு வந்தார். வெறும் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. லென்ஸில் பார்த்தால் மானம் போனது. நிமிஷக் கோடுகள் சில தடிமன், சில மெல்லிசு. நாலு மணிக் கட்டைக்கு நேராக வரவேண்டிய கோடு ஒரு முடி அளவு தள்ளி நிற்கிறது. கம்பெனிப் பேரின் எழுத்தோரங்களில் மை கசிந்திருக்கிறது. ஆறு மணிக்கு அடியில் இருக்கவேண்டிய 'ஸ்விஸ் மேட்' காணவே காணோம். "டயல் மறுபடி அடிச்சது" என்றார். பம்பாயில் பழைய டயலைச் சுரண்டி, ஆரஞ்சு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் கலர் அடித்து, இணையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிற தொழில் பெரிதாக நடக்கிறது. அந்த வகையோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் பின்மூடியின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தார். ஊசியால் கீறிய மூன்று குறிகள். சர்வீஸ் செய்கிறவர்கள் தங்கள் கணக்குக்காகக் கீறி வைப்பதாம். ஒன்று 12-3-79. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஆமா, மழையில நனைஞ்சு டயல் கறுத்துப்போச்சுன்னு சேலத்துல கொடுத்துப் புதுசாக்கினாரே, உனக்குத் தெரியாதா?" என்று சாவகாசமாகச் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு தலைவலி மிச்சம். மாமாவின் லட்சக் கணக்கு அதோடு சரி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சாவிக் குமிழும் அசல் இல்லை, பிறகு மாற்றியது என்று பாயே சொன்னார். கேஸை, அதாவது வெளிக்கூட்டை, பாலிஷ் போடச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஓரங்கள் மழுங்கிவிடுமாம். விலை எவ்வளவு பெறும் என்று கேட்டதற்கு, "விக்கப் போறியா? இல்லேன்னா விலை எதுக்கு?" என்றார். 1737-ல் தொடங்கிய இந்தக் கம்பெனியை 2011-ல் நம்ம ஓசூர் டைட்டன் வாங்கியது (பிறகு டைட்டனிடமிருந்தும் கம்பெனி கை மாறிவிட்டது) என்ற கதையையும் அவர்தான் சொன்னார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இவ்வளவும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு வாரம் என்றவர் 24 நாள் இழுத்தார். போனை எடுப்பதே இல்லை. ரசீதும் கிடையாது. குடும்பச் சொத்தை அப்படி விட்டுவிட்டு வர எனக்குப் பயமாக இருந்தது. மூடியைத் திறந்தபோதே மெஷின், எண், கீறல் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "இன்னும் கிட்ட வச்சு எடு" என்று லைட்டைத் திருப்பினார். நீங்களும் கட்டாயம் எடுங்கள்.

கழற்றித் துடைத்து ஆயில் போட 850, புதுக் கண்ணாடிக்கு 150. ரொக்கம் மட்டும். இப்போது ஒரு நாளைக்கு முக்கால் நிமிஷம் முந்துகிறது. தண்ணீர் மட்டும் படக்கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்தார். பாத்திரம் கழுவும்போது கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள். தொழுகைக்குப் போனால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார். நான் பர்கூரிலிருந்து பஸ் ஏறி வந்து, படிக்கட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.