குளோபல் என்ட்ரி மூணு வருஷ அனுபவம்: சிகாகோல இறங்கி அடுத்த ஃப்ளைட்ட புடிக்க இது போதுமா?

டிசம்பர் டிக்கெட் போடற நேரம் வந்தா போதும், குளோபல் என்ட்ரி வாங்கலாமா, 120 டாலர் கட்டற அளவுக்கு அதுல என்ன இருக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் யாராவது கேட்டுடுவாங்க. முன்னாடியே விசாரிச்சு ஓகே பண்ணினவங்கள அமெரிக்க இமிக்ரேஷன்ல தனி லைன்ல சீக்கிரம் விடற திட்டம்தான் குளோபல் என்ட்ரி. போன்ல அரைமணி நேரம் சொல்லி சொல்லி அலுத்துப் போச்சு, அதனால விவரமா எழுதிடறேன். நான் இருக்கறது ஒஹையோல கொலம்பஸ். சென்னைல இருந்து இங்க நேரா ஃப்ளைட் கெடையாது, சென்னை, ஃபிராங்க்ஃபர்ட், சிகாகோ, அப்புறம் கொலம்பஸ், இதுதான் எங்க வழக்கமான ரூட். எச்1பி வேலை விசா, இந்தியன் பாஸ்போர்ட். மூணு வருஷத்துல அஞ்சு தடவ குளோபல் என்ட்ரில உள்ள வந்திருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

ஃபிராங்க்ஃபர்ட்லயோ துபாய்லயோ மாறறது வேற, அமெரிக்கால மாறறது வேற, இத மொதல்ல புரிஞ்சிக்கணும். அங்க பெட்டி அதுபாட்டுக்கு அடுத்த ஃப்ளைட்டுக்கு போயிடும், நாம கேட்டுக்கு நடந்தா போதும். அமெரிக்கால எந்த ஏர்போர்ட்ல மொதல்ல கால் வைக்கறோமோ அங்கயே இமிக்ரேஷன் முடிக்கணும், சென்னைல போட்ட பெட்டிய பெல்ட்ல இருந்து எடுக்கணும், கஸ்டம்ஸ் தாண்டணும், வெளிய வந்து பெட்டிய திரும்ப குடுக்கணும், வேற டெர்மினலுக்கு போகணும், அங்க மறுபடி செக்யூரிட்டி லைன்ல நிக்கணும். பெட்டில கொலம்பஸ்னு டேக் போட்டிருந்தாலும் இதுதான் கதை. டிக்கெட்ல ஒண்ணே முக்கால் மணி நேரம் கேப் இருக்கேன்னு பாத்தா தாராளமா தெரியும், அதுக்குள்ள இத்தனை வேலை.

2022 ஆரம்பத்துல நாங்க மாட்டினது இப்படித்தான். எந்த ஊர் ஏர்போர்ட்னு பேர் வேண்டாம். ஒரு மணி நாப்பது நிமிஷ கனெக்ஷன், நான், வொய்ஃப், ரெண்டரை வயசு பொண்ணு. இமிக்ரேஷன் ஹாலுக்குள்ள நுழையும்போதே கயிறு கட்டின லைன் எட்டு மடிப்பு மடிஞ்சு நிக்குது. எங்களுக்கு முன்னாடி கரூர்ல இருந்து பையன பாக்க வந்த ஒரு பெரியவரும் அவங்க வீட்டம்மாவும். அடுத்த ஃப்ளைட்டோட போர்டிங் பாஸ கையிலயே புடிச்சிக்கிட்டு, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ "தம்பி, மணி என்ன ஆச்சு, புடிச்சிடலாமா"ன்னு அவர் கேட்டுக்கிட்டே வந்தார். கை வேர்த்து அந்த பேப்பர் ஓரமெல்லாம் நனைஞ்சு போயிருந்துது. புடிச்சிடலாம்ப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவங்களும் புடிக்கல, நாங்களும் புடிக்கல. ஒரே டிக்கெட்ங்கறதால மறுநாள் காலைல ஃப்ளைட்டுக்கு காசு வாங்காம மாத்தி குடுத்தாங்க. பொண்ணு அன்னைக்கு ராத்திரி ஏர்போர்ட் சேர்ல என் மடியிலயே தூங்கினா. ஊருக்கு வந்து சேர்ந்த அதே வாரம் குளோபல் என்ட்ரிக்கு அப்ளை பண்ணேன்.

அப்ளை பண்றதுல நம்மளுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கு. இந்தியர்களுக்கு இந்த வசதி 2017 ஜூலைலதான் வந்துது. அமெரிக்க அரசோட சைட்ல ஃபார்ம் போட்டு காசு கட்டறது தவிர, நம்ம பாஸ்போர்ட் சேவா போர்டல்லயும் இதுக்குன்னே தனியா பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் அப்ளை பண்ணணும், பல பேர் இத விட்டுட்டு ஏன் நகரவே மாட்டேங்குதுன்னு மாசக்கணக்கா காத்திட்டிருக்காங்க. எனக்கு தஞ்சாவூர் வீட்டு அட்ரஸ், அங்க வெரிஃபிகேஷனுக்கு வந்தப்ப அப்பா இருந்து பாத்துக்கிட்டார். ஃபீஸ் அப்ப 100 டாலர், 2024 அக்டோபர்ல இருந்து 120. அஞ்சு வருஷத்துக்கு செல்லும். ட்ராவல் கிரெடிட் கார்டு வச்சிருந்தா நிறைய கார்டுல இந்த ஃபீஸ் திரும்ப வந்துடும், கட்டறதுக்கு முன்னாடி உங்க கார்டுல இருக்கான்னு பாத்துக்குங்க.

கண்டிஷனல் அப்ரூவல், அதாவது மொதக்கட்ட ஓகே, வந்ததும் இன்டர்வியூ. அப்பாயின்ட்மென்ட் தேடி அலைய வேண்டாம், அடுத்த தடவ வெளிநாட்டுல இருந்து திரும்பி வரும்போது ஏர்போர்ட்லயே முடிச்சுக்கலாம், என்ரோல்மென்ட் ஆன் அரைவல்னு பேரு. நான் சிகாகோ ஓ'ஹேர்லயே முடிச்சேன். அந்த ஒரு ட்ரிப்புக்கு மட்டும் நாலு மணி நேர கேப் வச்சு டிக்கெட் போட்டேன், நீங்களும் அப்படியே போடுங்க. பாஸ்போர்ட், லைசென்ஸ், அட்ரஸ் ப்ரூஃப் வச்சிருந்தேன், பத்து நிமிஷ கேள்வி, கைரேகை, போட்டோ, அவ்ளோதான்.

இப்ப நெஜமா யூஸ் பண்றது எப்படி இருக்குன்னு பாப்போம். ஓ'ஹேர்ல வெளிநாட்டு ஃப்ளைட் பெரும்பாலும் டெர்மினல் 5லதான் வந்து நிக்கும். போன மார்ச்ல நான் தனியா வந்தப்ப ஃப்ளைட் கதவ விட்டு வெளிய வந்ததுமே மணிய பாத்து வச்சிக்கிட்டேன். நடந்து ஹாலுக்கு வர பதினோரு நிமிஷம். குளோபல் என்ட்ரி போர்டு பாத்து அந்த பக்கம் திரும்பினா எனக்கு முன்னாடி நாலே பேர். மெஷின் முன்னாடி நின்னா மூஞ்சிய போட்டோ எடுக்கும், பாஸ்போர்ட்ட எங்கயும் வைக்க வேண்டாம், பழைய மாதிரி ரசீது பேப்பரும் வராது. அடுத்து ஒரு ஆபீசர். பேர் சொல்லி கூப்பிட்டார், விசா பக்கத்த பாத்தார், அதே கம்பெனியான்னு ஒரே கேள்வி, போங்கன்னுட்டார். மொத்தம் மூணு நிமிஷம் ஆயிருக்காது. பக்கத்துல ரெகுலர் லைன் செவுத்து ஓரம் வரைக்கும் நின்னுது, அதுல முக்கால்வாசி என் கூட அதே ஃப்ளைட்ல வந்தவங்க. ஒரு விஷயம், எவ்ளோ அவசரமா இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் ஐ-94 தேதிய, அதாவது எது வரைக்கும் இங்க இருக்கலாம்னு குடுத்த தேதிய, சைட்ல பாத்துடுங்க. பாஸ்போர்ட் சீக்கிரம் முடியற மாதிரி இருந்தா அந்த தேதி வரைக்கும்தான் குடுப்பாங்க, பாக்காம விட்டா பெரிய தலைவலி.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. மூணு நிமிஷத்துல வெளிய வந்துட்டோம், கனெக்ஷன் கையில இருக்குன்னு நினைச்சு பெல்ட்டுக்கு வந்தா, பெல்ட் இன்னும் ஓட ஆரம்பிக்கவே இல்ல. குளோபல் என்ட்ரி உங்களத்தான் வேகமா கொண்டு வரும், உங்க பெட்டிய கொண்டு வராது. அன்னைக்கு ரெண்டு பெட்டியும் வர முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு. ரெகுலர் லைன்ல நின்ன சில பேரு பெட்டி வரும்போது என் பக்கத்துலயே வந்து நின்னுட்டாங்க. அந்த மாதிரி நாள்ல நாம மிச்சப்படுத்தின நேரம் முழுக்க பெல்ட் சாப்ட்டுடும். அதுக்கு முந்தின ட்ரிப்ல ஒரே ஒரு கைப்பெட்டியோட வந்தேன், கதவுல இருந்து டெர்மினல் 1 கேட் வரைக்கும் நாப்பத்தி ஆறு நிமிஷம். தனியா போறவங்க, அவசரமா ஒரு வாரம் ஊருக்கு போயிட்டு வரவங்க, முடிஞ்சா கைப்பெட்டியோடயே வாங்க, அப்பதான் கட்டின காசோட முழு பலன் தெரியும்.

பெட்டி எடுத்து கஸ்டம்ஸ் தாண்டினதும் திரும்ப குடுக்கற கவுன்டர் வரும், டேக் ஏற்கனவே இருக்கறதால குடுத்துட்டு நடக்க வேண்டியதுதான். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, வழியில ட்யூட்டி ஃப்ரீல வாங்கின சென்ட் பாட்டிலோ வேற ஏதாவது லிக்விட் ஐட்டமோ 100 மில்லிக்கு மேல இருந்தா பெட்டிக்குள்ள வச்சிடுங்க, அடுத்தது மறுபடி செக்யூரிட்டி. அங்க இருந்து ஏர்போர்ட் ட்ரெய்ன் ஏறி டெர்மினல் 1, 2, 3னு எது வேணுமோ அங்க போகலாம், காசு கெடையாது.

என்னோட அபிப்பிராயத்த கேட்டா, 120 டாலர்ல பாதிக்கு மேல இந்த ரெண்டாவது செக்யூரிட்டிக்குத்தான் கட்டறோம்னு சொல்வேன். குளோபல் என்ட்ரி வாங்கினா டிஎஸ்ஏ ப்ரீசெக்கும், அதாவது ஏர்போர்ட் செக்யூரிட்டில தனி லைனும், அதுலயே சேர்ந்து வருது. வாரக்கடைசி சாயங்காலம் டொமஸ்டிக் டெர்மினல்ல ரெகுலர் லைன் இருக்கே, இமிக்ரேஷனுக்கு கொஞ்சமும் குறைஞ்சது இல்ல. ஷூ கழட்டற ரூல 2025 ஜூலைல எல்லாருக்குமே எடுத்துட்டாங்க, ஆனா ப்ரீசெக்ல லேப்டாப்ப வெளிய எடுக்க வேண்டாம், லைனும் சின்னது, சரசரன்னு நகரும். மார்ச்ல பெல்ட் எடுத்துக்கிட்ட நேரத்த இங்கதான் திரும்ப புடிச்சேன், ஆறே நிமிஷம். ஆனா இது தானா கெடைக்காது. உங்க குளோபல் என்ட்ரி அக்கவுன்ட்ல பாஸ்ஐடின்னு ஒரு நம்பர் இருக்கும், டிக்கெட் போடும்போது நோன் ட்ராவலர் நம்பர்னு கேக்கற எடத்துல அத போடணும். போர்டிங் பாஸ்ல ப்ரீசெக்னு அச்சாகி இருந்தாதான் அந்த லைன்ல விடுவாங்க, மெம்பர்னு சொன்னா மட்டும் விட மாட்டாங்க. சென்னைல மூணு போர்டிங் பாஸும் ஒண்ணா அடிச்சு குடுக்கும்போது சில நேரம் அந்த முத்திரை வராம போயிடுது. எனக்கு ரெண்டு தடவ அப்படி ஆச்சு. பெட்டி குடுக்கற எடத்துலயே கொலம்பஸ் போர்டிங் பாஸ திரும்ப அடிச்சு தர சொல்லி வாங்கிக்கிட்டேன், ரெண்டு நிமிஷ வேலை, நீங்களும் கேட்டு வாங்குங்க.

கறிவேப்பிலை பத்தி சொல்லாம விட முடியாது. பச்சை கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள்ள கொண்டு வர தடை, எலுமிச்சை ஆரஞ்சு மரங்கள அழிக்கற நோய பரப்பற பூச்சி அதுல ஒட்டிக்கிட்டு வரும்ங்கறதுதான் காரணம், சும்மா கெடுபிடி இல்ல. அம்மா பாசத்துல பொடி பாக்கெட்டுக்கு நடுவுல ரெண்டு கொத்து சொருகி விட்டுடுவாங்க, நமக்கே தெரியாது. அது மாட்டினா பெட்டிய தொறந்து பொருள் பொருளா பாப்பாங்க, கனெக்ஷன் போச்சு, அபராதம் போடலாம், குளோபல் என்ட்ரியவே ரத்து பண்ணவும் செய்யலாம். சாம்பார் பொடி, ஊறுகாய், முறுக்கு எது இருந்தாலும் சாப்பாட்டு சாமான் இருக்குன்னு வாய தொறந்து சொல்லிடுங்க. நான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கேன், என்னன்னு கேட்டுட்டு விட்டிருக்காங்க. கெளம்பற அன்னைக்கு தஞ்சாவூர்ல பெட்டிய நானே ஒரு தடவ பிரிச்சு பாத்துட்டுதான் பூட்டறேன்.

ஃபேமிலியா போறவங்களுக்கு ஒண்ணு. வீட்டுல ஒருத்தர் வாங்கினா மத்தவங்களும் கூடவே போயிடலாம்னு நினைக்காதீங்க. கைக்குழந்தையா இருந்தாலும் தனி மெம்பர்ஷிப் வேணும். மொத ரெண்டு வருஷம் எனக்கு மட்டும்தான் இருந்துது, அதனால வொய்ஃபும் பொண்ணும் கூட வந்தப்ப நானும் ரெகுலர் லைன்லதான் நின்னேன், மெம்பர்ஷிப் இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்ல. 2024 அக்டோபருக்கு அப்புறம் 18 வயசுக்கு கீழ இருக்கற புள்ளைங்களுக்கு, அப்பாவோ அம்மாவோ மெம்பரா இருந்தா இல்ல அப்ளை பண்ணியிருந்தா ஃபீஸ் கெடையாது. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் எடுத்தோம். பொண்ணு இங்க பொறந்தவ, அமெரிக்க பாஸ்போர்ட், அவளுக்கு பாஸ்போர்ட் சேவா வெரிஃபிகேஷனும் தேவைப்படல.

கிரீன் கார்டோ அமெரிக்க பாஸ்போர்ட்டோ வச்சிருக்கவங்க உடனே காசு கட்டாம மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல்னு ஒரு ஆப் இருக்கு, அத மொதல்ல பாருங்க. அமெரிக்க கஸ்டம்ஸோடது, ஃப்ரீ. இறங்கினதும் செல்ஃபி எடுத்து விவரத்த அனுப்பிட்டு தனி லைன்ல போயிடலாம். நம்ம ஊர்ல இருந்து எச்1பி, பி2 டூரிஸ்ட் விசால வரவங்களுக்கு அது கெடையாது. ப்ரீசெக்கும் அதுல வராது, அது ஒண்ணுதான் குறை.

இன்னொன்னு, இது எல்லாம் இருந்தாலும் தனித்தனி டிக்கெட் போட்டு காசு மிச்சம் பண்ணலாம்னு பாக்காதீங்க. சென்னை சிகாகோ ஒரு டிக்கெட், சிகாகோ கொலம்பஸ் வேற டிக்கெட்னு போட்டா, மொத ஃப்ளைட் லேட்டானாலும் ரெண்டாவது கம்பெனிக்காரங்களுக்கு அது சம்பந்தமே இல்ல, புதுசா காசு குடுத்துதான் வாங்கணும். நான் இப்பவும் சிகாகோல ரெண்டரை மணி நேரத்துக்கு கம்மியா எடுக்கறதே இல்ல.

அப்பா அம்மாவுக்கு எடுக்கலாமான்னும் கேக்கறாங்க. இந்தியர்கள்ங்கறதால அப்ளை பண்ணலாம்தான், ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வரவங்களுக்கு அந்த அலைச்சல் தேவையில்லங்கறது என் கருத்து. அவங்களுக்கு நான் அபுதாபி வழியாதான் டிக்கெட் போடறேன். அங்க 2014ல இருந்து அமெரிக்க இமிக்ரேஷன் ஆபீஸ் இருக்கு, ப்ரீகிளியரன்ஸ்னு சொல்வாங்க. அபுதாபிலயே அமெரிக்க ஆபீசர் கேள்வி கேட்டு, கஸ்டம்ஸும் முடிச்சு அனுப்பிடுவாங்க, சிகாகோல இறங்கும்போது உள்ளூர் ஃப்ளைட்ல வந்த மாதிரி நேரா வெளிய வரலாம், ஒரே டிக்கெட்டா இருந்தா பெட்டியும் கடைசி ஊர் வரைக்கும் போயிடும். அதுக்காக அபுதாபில நேரம் கம்மியா வைக்கக் கூடாது, செக்யூரிட்டி, இமிக்ரேஷன் ரெண்டும் அங்கதான் நடக்குது, அதுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல வச்சு போடுங்க. போன வருஷம் அம்மா அங்க இருந்தே போன் பண்ணி, "பெட்டி போட்டோவ கம்ப்யூட்டர்ல காட்டி உன்னுதான்னு கேட்டாங்கடா, ஆமான்னேன், அவ்ளோதான்"னு சொன்னாங்க. கொலம்பஸ்ல வந்து இறங்கினப்ப ரெண்டு பேர் மூஞ்சிலயும் களைப்பு இருந்துது, கலவரம் இல்ல.

குளோபல் என்ட்ரிக்கு நான் அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை மார்க் பெல்ட்டுக்கும் போர்டிங் பாஸ் முத்திரைக்கும் போச்சு. எனக்கு முடிய இன்னும் நாள் இருக்கு. முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ரின்யூவலுக்கு போடலாம், தேதி முடியறதுக்குள்ள போட்டுட்டா அவங்க முடிவு பண்ற வரைக்கும் ரெண்டு வருஷம் வரை பழசே செல்லும், அதனால அந்த நேரம் வந்ததுமே போட்டுடுவேன்.