சோளம் அடிக்க எது கட்டுப்படியாகும்?

கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மானாவாரிச் சோளம் தை, மாசியில் களத்துக்கு வந்துவிடும். கதிர் கொய்யவே ஆள் கிடைக்காத நேரத்தில் அடிக்க யார் வருவார்கள்? இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இன்று நாலைந்து வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பதென்றாலும் நான் முதலில் பார்ப்பது தட்டையை, அதாவது மாட்டுக்குத் தீவனமாகும் சோளத் தாளைத்தான். மாடு வைத்திருப்பவர் சோளம் போடுவதே பாதி தட்டைக்காக. தட்டையைக் கெடுக்கிற மிஷின் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அவருக்கு நஷ்டம்தான்.

பழைய வழி, கம்பால் அடித்து முறத்தில் தூற்றுவது. கூலியைத் தவிர செலவில்லை, மணியும் அவ்வளவாக உடையாது. ஆனால் கணக்குப் பாருங்கள். ஏக்கருக்கு 500 கிலோ விளைச்சல் என்றால் இரண்டு ஏக்கருக்கு 1,000 கிலோ. ஒரு ஆள் மணிக்கு 15 கிலோ அடிப்பதாக வைத்தாலும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும், தூற்றுவது தனி. அப்புறம் சுணை, அதாவது அடிக்கும்போது பறக்கிற அரிப்புத் தூசி. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது பெண்கள் என்பதால்தானோ என்னவோ, 'கை அடிதான் சுத்தம்' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்பவர்கள் குறைவதே இல்லை. மிஷின் வந்தால் அந்தப் பெண்களுக்குக் கூலியாகக் கிடைத்த தானியமும் போகும் என்பது நிஜம். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தார்ச்சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை மிதிக்க விடுவது இன்னொரு வழி. காசு செலவில்லை. ஆனால் கல்லும் மண்ணும் கலந்த சோளத்துக்கு வியாபாரி விலையைக் குறைப்பார். பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுந்தால் அது பெரிய வம்பு. சிமெண்ட் களத்தில் கதிரைக் கனமாகப் பரப்பி டிராக்டரைச் சுற்ற விடுவது இதைவிட மேல். அந்தக் காலத்துக் கல் உருளை செய்த வேலையைத்தான் டயர் செய்கிறது. தூற்றும் பாடு மட்டும் அப்படியே மிச்சமிருக்கும்.

வாடகைக்கு வரும் டிராக்டர் த்ரெஷருக்குத்தான், அதாவது கதிரடிக்கும் மிஷினுக்குத்தான் என் ஓட்டு. டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை வெளி மிஷினுக்குத் தரும் பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் உருளை சுழன்று கதிரைத் தட்டும், சல்லடை சலிக்கும், விசிறி பதரை ஊதித் தள்ளும். அடிப்பதும் தூற்றுவதும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். கதிரை மட்டும் கொய்து போடுவதால் தட்டை முழுசாகப் படப்புக்கு, அதாவது தீவனப் போருக்குப் போகும். சிக்கல் என்னவென்றால், இந்த மிஷின்கள் பெரும்பாலும் மக்காச்சோளத்துக்காக ஊருக்குள் வருபவை. சல்லடை, வேகம், உருளைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளி எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டிவிடுவார்கள். முதல் மூட்டை நிரம்பும்வரை காத்திருக்காமல் ஒரு கை மணியை அள்ளிப் பாருங்கள். பாதி உடைந்திருந்தால் வேகம் அதிகம், அல்லது இடைவெளி குறைவு. அடிபட்ட கதிரில் மணி ஒட்டிக்கொண்டிருந்தால் கதிர் இன்னும் காயவில்லை, அல்லது வேகம் போதவில்லை. பதரோடு மணி பறந்தால் விசிறிக் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். உடைந்த மணியில்தான் வண்டு சீக்கிரம் விழும்.

வாடகையை மணிக்கணக்கில் பேசுவதா, மூட்டைக் கணக்கில் பேசுவதா? உங்கள் கதிர் ஈரமாக இருந்து மிஷின் திணறினால் மணிக்கணக்கு உங்கள் தலையில் விழும். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசினால் ஓட்டுகிறவர் அவசரப்பட்டுக் கதிரைத் திணிப்பார், மணி பதரோடு போகும். நான் மூட்டைக் கணக்கையே சொல்வேன், பதர் விழும் பக்கம் ஒருவர் நின்று பார்ப்பதாக இருந்தால். இரண்டு ஏக்கருக்காக மட்டும் மிஷின் வராது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் ஒரே களத்தில் கதிரைச் சேர்த்தால் வரும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியிலும் வாடகைக்குக் கேட்கலாம்.

சொந்தமாகச் சின்ன மோட்டார் த்ரெஷர் வாங்கலாமே என்பார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் இருப்பது உண்மை. ஆனால் வருஷத்தில் நாலு நாள் ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் கொட்டகையில் எலிக்கு வீடாக இருக்கும். மானாவாரிக் காட்டில் கிணறு இல்லை, மின் இணைப்பும் இல்லை. மோட்டார் என்றால் கதிரை வீட்டுக்குச் சுமக்க வேண்டும், இல்லையேல் டீசல் எஞ்சின் வேண்டும். குழுவாக வாங்கி, கம்பு, குதிரைவாலி என்று மற்றதையும் அதில் அடித்தால் சரி. தனி ஆளுக்கு வேண்டாம்.

காட்டிலேயே அறுத்து அடித்தும் விடும் கம்பைன் மிஷின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குட்டை ரகம், பெரிய காடு, மாடு இல்லை என்றால் யோசிக்கலாம். ஆளுயரம் தாண்டும் சோளத்தில் கதிரை மட்டும் வெட்டினாலும் தட்டையைச் சக்கரம் மிதித்துவிடும்.

எந்த மிஷினில் அடித்தாலும் அடுத்த வருஷ விதைக்கான கதிரைத் தனியே எடுத்துக் கையால் அடியுங்கள். மிஷினுக்குள் முந்தின காட்டுக்காரரின் ரகம் கொஞ்சம் தங்கியிருக்கும்.

கடைசியாக, கதிர் போடும் வாயைப் பாருங்கள். த்ரெஷரில் கை போனவர்கள் ஏராளம். அதற்காகவே 1983-இல் அபாயகர இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இந்தியத் தர விதிப்படி கதிரைத் தள்ளும் அந்தத் தொட்டி குறைந்தது 90 செ.மீ. நீளமும், அதில் 45 செ.மீ. மேல்மூடியும் இருக்க வேண்டும். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வருகிற மிஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தொங்கும் துண்டோடும் தளர்ந்த சேலை முந்தானையோடும் யாரையும் அங்கே நிறுத்தாதீர்கள்.